செலவைக் கணக்குப் பாருங்கள்: ஞானஸ்நானத்துக்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞானஸ்நானம் பெற விரும்பி வரும் பெரியவர்களுக்குப் பல ஆண்டுகளாக ஆயத்த வகுப்பு நடத்தி வருகிறேன். வகுப்பில் அவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு; வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் தயங்கி நின்று தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்விகள் வேறு. இங்கே பதில் எழுதியிருப்பது அந்த இரண்டாம் வகைக் கேள்விகளுக்கு.

இழப்பு வரும் என்பதை ஏன் முதல் நாளிலேயே சொல்கிறீர்கள்? வருகிறவர்கள் பயந்து திரும்பிவிட மாட்டார்களா?

சிலர் திரும்பியிருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. லூக்கா 14ஆம் அதிகாரத்தில் திரளான ஜனங்கள் பின்னால் வந்துகொண்டிருக்கும்போதுதான் இயேசு திரும்பிப் பார்த்து, கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்கிறார். ஆள் சேர்ப்பது மட்டுமே அவருடைய நோக்கமாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். கடன் தீரும், நோய் போகும், பிள்ளைக்கு வேலை கிடைக்கும் என்று சொல்லி ஒருவரை அழைத்து வந்தால், முதல் இழப்பு வரும் நாளில் அவர் தம்மைக் கடவுளே ஏமாற்றிவிட்டதாக நினைப்பார். உண்மையில் ஏமாற்றியவர்கள் அழைத்து வந்த நாம்தான்.

ஒன்றை மட்டும் இங்கே தெளிவாக்கிவிடுகிறேன். இரட்சிப்பு இலவசமாகக் கிடைப்பது. நாம் படும் பாடு அதற்குக் கொடுக்கும் விலை ஆகாது. இலவசமாகப் பெற்ற ஒன்றை விட்டுவிடாமல் கையில் வைத்திருப்பதற்கு இந்த உலகம் நம்மிடம் வசூலிப்பதைத்தான் இந்தப் பக்கம் முழுவதும் விலை என்று சொல்கிறேன்.

நம் மண்ணில் அப்படி விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்களா?

வேறெங்கும் தேட வேண்டாம், கன்னியாகுமரி மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் திருவிதாங்கூர் அரண்மனைப் பணியில் இருந்தவர். 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தலைமை ஏற்ற டச்சுப் படை அதிகாரி டிலனாயோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. அடுத்தடுத்து வந்த இழப்புகளால் நீலகண்டர் மனம் உடைந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. எல்லாவற்றையும் இழந்த ஒருவனின் கதையே அவருக்கு நற்செய்தியின் வாசலாக இருந்திருக்கிறது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் கைதானார்; 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய கல்லறை கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் இருக்கிறது. 2022 மே 15 அன்று ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

மலையில் பாய்ந்த குண்டைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். கைதாவதற்கும் அந்தக் குண்டுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இருந்தன என்பதை மறந்துவிடுகிறோம். அரண்மனையில் மரியாதையோடு நடமாடிய மனிதரை எருமை மேல் ஏற்றி, அவரை அறிந்தவர்கள் கண் முன்னாலேயே ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அந்த மூன்று ஆண்டுகளில் எந்த நாளிலும், ஒரு சொல் சொன்னால் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவருடைய மனைவி பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ என்று பெயர் கொண்டவர். கணவருக்குப் பின் சொந்த ஊரில் இருக்க முடியாமல் வடக்கன்குளத்தில் வாழ்ந்து மறைந்தார். அவருக்குப் புனிதர் பட்டம் கிடையாது. என் வகுப்பில் பெண்கள் இருக்கும்போதெல்லாம் ஞானப்பூவைப் பற்றிச் சொல்லாமல் விடுவதில்லை.

தாய் தகப்பனை விட்டுவிட வேண்டும் என்றா இயேசு சொல்கிறார்?

தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல என்பது மத்தேயு 10:37. அதே இயேசு, காணிக்கையைக் காரணம் காட்டிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் கடுமையாகக் கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். வீட்டில் இருக்கும் சாமி படங்களில் கை வைக்காதீர்கள். அவை உங்களுடையவை அல்ல, உங்கள் அம்மாவுடையவை. மாதா மாதம் வீட்டுக்குக் கொடுத்து வந்த பணத்தில் ஒரு ரூபாயும் குறையக் கூடாது. பிரிவு வந்தால் அது அவர்கள் பக்கத்திலிருந்து வரட்டும். கதவை நீங்கள் சாத்தாதீர்கள்.

அப்பாவுக்கு நான்தான் மூத்த பிள்ளை. நாளைக்கு அவர் இறந்தால் கொள்ளி வைக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலருக்குக் குரல் உடைந்துவிடும். வேறெந்த இழப்பும் இந்த அளவுக்கு வலிப்பதை நான் பார்த்ததில்லை.

நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஞானஸ்நானம் பெற்று மூன்று ஆண்டுகள் ஆன ஒருவர் விடியற்காலை ஐந்து மணிக்கு என்னை அழைத்து, அப்பா போய்விட்டார், என்ன செய்யட்டும் என்று கேட்டார். மனசாட்சி இடம் கொடுக்கும் அத்தனையையும் செய்யுங்கள், இடம் கொடுக்காத ஒன்றை மட்டும் தம்பியிடம் விடுங்கள் என்றேன். அவர் அப்பாவைக் குளிப்பாட்டினார். பாடைக்குத் தோள் கொடுத்தார். வெறுங்காலோடு சுடுகாடு வரை நடந்தார். செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டார். குடம் உடைத்துக் கொள்ளி வைக்கும் சடங்கை மட்டும் தம்பி செய்தார். சுடுகாட்டிலேயே சித்தப்பா எல்லார் முன்னாலும், இன்றோடு உனக்கும் இந்த வீட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றார். அம்மா எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து மகனோடு பேசவும் இல்லை.

மகன் சனிக்கிழமைதோறும் போய், கதவு திறக்காத அந்த வீட்டின் திண்ணையில் அரிசியையும் அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைகளையும் வைத்துவிட்டு வருவார். அவர் தலை மறைந்த பிறகுதான் அம்மா எடுப்பார். இரண்டு மாதம் இப்படியே போனது. ஒரு சனிக்கிழமை திண்ணையில் ஒரு கல்லுக்கு அடியில் காலியான மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். இனி இதை வாங்கி வா என்று அம்மா சொல்லும் விதம் அது. அந்த அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு ஞாயிறு ஆராதனைக்கு வந்து என்னிடம் காட்டினார். அம்மா வாய் திறந்து பேசியது வருஷத் திதிக்கும் பிறகு.

கொள்ளி வைப்பது பிள்ளையின் கடைசிக் கடமை, அதில் வழிபாடு எதுவும் இல்லை என்று கருதும் ஆயர்களும் உண்டு. அவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. இஸ்ரவேலின் தேவனை நம்பத் தொடங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான், ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோயிலில் என் எஜமானுக்குக் கை கொடுத்துக் குனிய வேண்டியிருக்குமே என்று கலங்கியபோது, தீர்க்கதரிசி எலிசா அவனுக்குச் சட்டம் போதிக்கவில்லை. சமாதானத்தோடே போ என்றான். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் சாவு வீட்டில் நின்று முடிவெடுக்காதீர்கள். அப்பா நன்றாக இருக்கும்போதே அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பல அப்பாக்கள் நாம் நினைப்பதைவிடப் பெரிய மனம் உள்ளவர்கள்.

ஊர்க் கொடைக்கு வரி கேட்டால்? பிரசாதம் கொடுத்தால்?

ஊர்க் கிணறு, பாதை, பள்ளிக்கூடம் என்று பொதுக் காரியத்துக்குக் கேட்டால் மற்றவர்களுக்கு முன்னால் கொடுங்கள். பூஜைக்கென்று கேட்டால் கையெடுத்துக் கும்பிட்டு, இதில் மட்டும் என்னை விட்டுவிடுங்கள் அண்ணாச்சி என்று சொல்லுங்கள். பிரசாதத்தை மறுக்கும்போதும் முகத்தில் அருவருப்பு தெரியக் கூடாது. விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்ட உணவைப் பற்றி முதலாம் கொரிந்தியர் 8 முதல் 10 வரை பவுல் எழுதியிருப்பதைப் பொறுமையாகப் படித்தால், அவருடைய கவலையெல்லாம் உணவைச் சுற்றி இருக்கும் மனிதர்களைப் பற்றியது என்பது தெரியும்.

சட்டப்படி நான் எவற்றை இழப்பேன்?

இதை மறைக்கும் ஆயர் தம் மக்களுக்குத் துரோகம் செய்கிறார் என்றே சொல்வேன். பொதுவான நிலையை மட்டும் இங்கே தருகிறேன்; உங்கள் நிலைமைக்கு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

மதம் மாறியதாலேயே ஒருவர் தம் வாரிசுரிமையை இழப்பதில்லை. அந்தப் பாதுகாப்பு 1850ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, அவர் மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகளும் அவர்கள் வழிவருபவர்களும், வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. இந்துத் திருமணத்தில் ஒருவர் வேறு மதத்துக்கு மாறினால், மற்றவர் அதையே காரணமாகக் காட்டி விவாகரத்து கேட்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு ஆதிதிராவிட மக்களுக்குத்தான். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து மதத்தைச் சாராத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார்கள் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்று வரை வெளியேதான் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அதனால் கல்வியிலும் வேலையிலும் பட்டியல் சாதி ஒதுக்கீடு போகும். தனித் தொகுதியில் போட்டியிடும் உரிமை போகும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போகும். ஞானஸ்நானம் பெற்ற மறுநாள் ஊர்த் தெருவில் அவரை யாரும் வேறு சாதியாக நடத்தப் போவதில்லை. தீண்டாமை அப்படியே இருக்க, அதற்கான பரிகாரம் மட்டும் பறிபோகிறது. இந்தக் கேள்வியை ஆராய 2022இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஒரு ஆணையம் அமைத்தது. இது அநீதி என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் ஒரே மகனின் கல்லூரி இடத்தை நினைத்து ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடும் தாயிடம் போய், அநீதி என்று மட்டும் சொல்லிவிட்டு வர என்னால் முடிந்ததில்லை.

அப்படியானால் சான்றிதழில் இந்து என்றே வைத்துக்கொண்டு ஆலயத்துக்கு வரலாமா?

வருகிறவர்கள் இருக்கிறார்கள், எவரையும் நான் வாசலில் நிறுத்தியதில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிந்திருங்கள்: புதுச்சேரிப் பெண் ஒருவர் தொடர்ந்த வழக்கில், கிறிஸ்தவ நம்பிக்கையோடு வாழ்ந்துகொண்டே ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது.

இது புதிய சிக்கல் இல்லை. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் தேசியுஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் பெற வேண்டும் என்று உத்தரவிட்டபோது, பலியிடாமலேயே காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்ட கிறிஸ்தவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களை என்ன செய்வது என்பதில் திருச்சபையே பிளவுபடும் நிலை வந்தது. கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் அவர்களைத் துரத்தவும் இல்லை, அது தவறே இல்லை என்று சொல்லவும் இல்லை. மனந்திரும்பியவர்களுக்குத் திரும்பிவர வழி திறந்தார்.

என் நிலையும் ஏறக்குறைய அதுதான். இரண்டு பெயரோடு வாழ்வது நாளடைவில் மனிதரை அரிக்கும். பள்ளியில் ஒரு பெயரும் ஆலயத்தில் ஒரு பெயருமாக வளரும் குழந்தைக்கு ஒளிவதே விசுவாசம் என்று பதிந்துவிடும். ஆகவே அந்த வழியை நான் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. அதே சமயம், எந்த இடஒதுக்கீட்டையும் நாடத் தேவையில்லாத வசதியான சபையார், இதில் சிக்கியிருக்கும் ஏழையைப் பார்த்து விசுவாசம் போதாது என்று பேசினால் அதை நான் பொறுத்துக்கொள்வதும் இல்லை. அந்த மாணவனின் கட்டணத்தில் பாதியை ஏற்க முன்வருகிறவருக்கே அதைப் பற்றிப் பேச உரிமை உண்டு.

நான் பிறவியிலேயே கிறிஸ்தவன். எனக்கு என்ன இழப்பு?

தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்துக்கு வாருங்கள். அவருக்குப் பின் நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அங்கே கட்டப்பட்ட ஆலயத்தில், ஒரு சாதியார் ஒரு பக்கமும் மற்றவர்கள் மறு பக்கமுமாக இருந்து வழிபட நடுவில் தடுப்பு இருந்தது. பீடம் ஒன்று, சாதிக்கொரு கிளை. கால்சட்டைக் கோயில் என்றே அதற்குப் பெயர். 1910இல் அந்தத் தடுப்பை எடுத்தபோது எதிர்ப்பும் வழக்கும் கிளம்பின. சாதி பாராமல் பழகியவர் என்று நினைவுகூரப்படும் ஒரு மனிதர் நின்ற மண்ணில் நடந்தது இது. புனிதர் பட்ட அறிவிப்பில் அவர் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டது. நம்மில் எத்தனை பேர் மகளின் திருமணப் பேச்சில் அதை நீக்கியிருக்கிறோம்?

சொந்தச் சாதிக்கு வெளியே விசுவாசமுள்ள மருமகனைத் தேடிப் பாருங்கள். வரதட்சணை வாங்க மாட்டேன் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். கையெழுத்துப் போட்டால் பணம் வரும் என்ற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பணம் வாங்காமல் கையெழுத்துப் போட்டுப் பாருங்கள். உங்களுக்குரிய இழப்பு எதுவென்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

எனக்கு வரும் பகையெல்லாம் சிலுவைதானா?

இல்லை. அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவனாய்ப் பாடுபடக் கூடாது என்று பேதுரு தம் முதல் நிருபத்தில், கொலைபாதகனையும் திருடனையும் சொல்லும் அதே வசனத்தில் எழுதுகிறார். விடியற்காலையில் ஒலிபெருக்கி வைத்துத் தெருவையே எழுப்பிவிட்டு, அடுத்த வீட்டுக்காரர் சத்தம் போட்டால் அதைச் சுவிசேஷத்துக்காகப் பட்ட பாடு என்று சாட்சி சொல்லாதீர்கள். பிறர் கும்பிடும் தெய்வத்தை இழிவாகப் பேசி வாங்கிய அடிக்கும் அந்தப் பெயர் பொருந்தாது.

கணவர் அடிக்கிறார். பொறுத்துக்கொள்வதுதான் சீஷத்துவமா?

அவிசுவாசியான துணை சேர்ந்து வாழ விரும்பினால் விட்டுப் போக வேண்டாம் என்கிறார் பவுல். அடிபட்டுக் கிடக்க வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. முதலில் பாதுகாப்பான இடத்துக்கு வாருங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். ஜெபம் அங்கிருந்தும் செய்யலாம். அடிப்பவர் சபையின் மூப்பராக இருந்தாலும் என் பதில் இதுதான்.

பயந்துபோய் எல்லார் முன்னாலும் என் விசுவாசத்தை மறுத்துவிட்டேன். இனி எப்படி வருவது?

பேதுரு கரிநெருப்பின் அருகே குளிர்காய்ந்துகொண்டு மறுதலித்தான். உயிர்த்தெழுந்த இயேசு அவனுக்காகக் கடற்கரையில் மூட்டி வைத்திருந்ததும் கரிநெருப்புதான். அதில் மீன் வெந்துகொண்டிருந்தது. முதலில் சாப்பிட வைத்துவிட்டு, பிறகுதான் கேள்வி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். யாராவது ஏதாவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள்.

தமக்காக எல்லாவற்றையும் விட்டவனுக்கு நூறத்தனை கிடைக்கும் என்று இயேசு சொல்கிறாரே, எங்கே அது?

மாற்கு 10:30இல், துன்பங்களோடேகூட இம்மையில் வீடுகளும் சகோதரர்களும் தாய்மார்களும் கிடைக்கும் என்கிறார். அந்த வீடுகள் வானத்திலிருந்து இறங்குவதில்லை. சபையில் ஏற்கெனவே இருப்பவர்களின் வீடுகள்தான் அவை. புதிதாக வந்தவர் தீபாவளி அன்று மாலை தனியாக அறையில் உட்கார்ந்திருப்பார். தெரு முழுக்க வெடிச் சத்தம், ஊரிலிருந்து ஃபோன் வராது. அன்றைக்கு அவரைச் சாப்பிடக் கூப்பிட ஒரு வீடு இல்லாவிட்டால், அந்த வசனத்தைப் பொய்யாக்குகிறவர்கள் நாம். எங்கள் சபையில் ஞானஸ்நானத்துக்கு முன்பே ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பத்தை நியமிக்கிறோம். அந்தக் குடும்பத்தை அவருக்கு முன்னால் எழுந்து நிற்கச் சொல்லி, பண்டிகைக்கும் காய்ச்சலுக்கும் கடனுக்கும் இவரை உங்கள் வீட்டுப் பிள்ளையாகப் பார்ப்பீர்களா என்று கேட்ட பிறகுதான் தண்ணீர்த்தொட்டியின் அருகே போகிறோம். பதில் சொல்லத் தயங்கிய குடும்பங்களும் உண்டு. அவர்களையும் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு வரும்படி திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நான் இறந்தால் என் உடலை யார் வாங்குவார்கள்?

வயதானவர்கள், அதிலும் வீட்டில் தனி ஒருவராக விசுவாசத்துக்கு வந்த அம்மாக்கள், கடைசியாகக் கேட்பது இதைத்தான். உங்கள் விருப்பத்தை இரண்டு தாள்களில் எழுதிக் கையெழுத்திட்டு, ஒன்றைச் சபை அலுவலகத்திலும் ஒன்றை உங்களுக்கு நெருக்கமான பிள்ளையிடமும் கொடுத்துவையுங்கள். எழுதுவதற்கு முன் பிள்ளைகளிடம் பேசுங்கள். எரிக்கத்தான் செய்வோம் என்று அவர்கள் பிடிவாதமாக இருந்தால், உடலை வைத்துக்கொண்டு தெருவில் அவர்களோடு மல்லுக்கு நிற்க மாட்டோம்; எரித்த உடலும் எழுந்திருக்கும். வாசலோரம் நின்று ஜெபித்துவிட்டு வருவோம். ஒப்புக்கொண்டால், கல்லறைத் தோட்டத்தில் உங்களுக்கு இடம் உண்டு; அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. சென்ற மாதம் ஒரு பாட்டி அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அழைத்துப் போனேன். வேப்பமரத்தடியில் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, நிழலாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.